தமிழ்க் கல்வெட்டுக்கு ஆங்கில ஆய்வேடா?

சான்று தமிழ், ஆய்வோன் தமிழன், நெறியாளர் தமிழர், தேர்வாளரும் பெரும்பாலும் தமிழரே. ஆனால், தமிழக வரலாற்றில் முதுகலைப் பட்டத்திற்கென எழுதப்பெறும் ஆய்வேடு மட்டும் பலவிடத்தும் ஆங்கிலம்! இதனினும் பெரிய முரண் யாதுளது?

இதனால் விளையுங் கேடு மொழிக்கு மட்டுமன்று, வரலாற்றுக்கும் கேடே. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்வோம். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை அவை. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். 'குடவோலை' என்னுஞ் சொல்லே அம் முறையைச் சொல்லிவிடுகின்றது. ஆங்கிலத்தில் எழுதியோர் அதனைத் தேர்தல் என்று பொருள்படும் சொல்லாற் குறித்தனர். அதனை மீண்டும் தமிழாக்கிக்கொண்டு, 'அன்றே தமிழர் வாக்களித்தனர்' என மேடைதோறும் முழங்குகின்றனர். வாக்களித்தவர் எவர்? எவருமிலர்! அது சீட்டுக் குலுக்கல்.

மேலும், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவையும், மறைநூற் பயிற்சியும் கேட்கின்றது. அஃது ஒரு சதுர்வேதிமங்கலச் சபையின் ஒழுங்கு. எல்லாரும் பங்குகொண்ட குடியாட்சியன்று. உள்ளது இதுவாயின் இதனையே எழுதுக! தமிழுக்குப் பொய்ப்பெருமை வேண்டா, மெய்ப்பெருமை நிரம்பவுண்டு.

'ஆங்கிலத்தில் எழுதினாலன்றோ உலகம் அறியும்?' என்பர். அறியட்டும், முடிவுகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் இணைத்தாற் போதும். 'தமிழில் வரலாறெழுத இயலுமோ?' என்பார்க்குச் சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறே விடை. கல்வெட்டுகளை அடிப்படையாகக் கொண்டு அவர் தமிழிலெழுதிய அந்நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. பல்கலைக்கழக நல்கைக் குழுவும், ஆங்கிலவழிப் படிப்பாயினும் மாணாக்கர் தம் மொழியில் தேர்வெழுத இசைவளிக்குமாறு 2023 ஏப்பிரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தேர்வுக்குத் தகும் மொழி ஆய்வேட்டுக்குத் தகாதோ?

நெறியாளப் பெருமக்களே! மாணாக்கனின் ஆங்கிலத்தைத் திருத்தும் நேரத்தில் அவன் கல்வெட்டுப் படிப்பைத் திருத்துங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் மூலத்தோடு அவன் காட்டும் ஒவ்வொரு வரியையும் ஒப்பிடச் செய்யுங்கள். கிரந்த எழுத்தையும் கற்பியுங்கள். கலப்பை இனங்காணவேனும் அது வேண்டும். குடும்பு, வாரியம், வேலி, இறை என்னுஞ் சொற்களை அவ்வவற்றின் பொருளோடு நிற்க விடுங்கள்.

தமிழ் மாணாக்கனே! பரந்த தலைப்பை விடு. ஓரூர்க் கல்வெட்டுகளை எடு. பிறர் ஆங்கில மொழிபெயர்ப்பை மேற்கோளாக்காதே, மூலத்தைப் படி. கண்டதைத் தமிழில் எழுது. முன்னோன் கல்லிற் பொறித்ததைப் பின்னோன் தாளிலெழுதத் தயங்குவதோ?