கழுத்தையும் தீண்டும் முடக்குவாதம்

விரல் மூட்டுகளின் நோயாகவே பலரும் அறிந்துள்ள ருமட்டாய்டு முடக்குவாதம், கழுத்தின் உச்சியையும் தாக்க வல்லது. கழுத்தெலும்புகள் 7. இரண்டாம் எலும்பிலிருந்து முளைபோல் எழும் பகுதியை முதல் எலும்போடு இறுகப் பிணைத்திருப்பது ஓர் இணைப்புநார். பல்லாண்டு அழற்சியால் அந்நார் தளர்ந்துவிடின், தலை குனியும்போது முதல் எலும்பு முன்னே நழுவும். பின்னுள்ள தண்டுவடம் நெருக்குண்ணும். சிலருக்கு வலியே இராது என்பதுதான் கவலைக்குரியது.

இந்நோய் பெண்களுக்கே மிகுதி. "ஸஜ்தாவில் தலை வைத்தால் முதுகில் மின்சாரம் பாய்கிறது" என்று வீட்டுப் பெரியவர் கூறின், முதுமைத் தளர்ச்சியென ஒதுக்கலாகாது. பிடரி வலி, கை மரத்தல், நடை தள்ளாடல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியனவும் அத்தகையனவே. தாமதமின்றி மருத்துவரை நாடுக. தலையைக் குனிந்தும் நிமிர்த்தியும் மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரே நழுவலைக் காட்டிவிடும்.

அதுவரை குனிந்தே தொழுவேன் என்னும் பிடிவாதம் எதற்கு? நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாமென இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த சலுகை புகாரியில் பதிவாகியுள்ளதே!

கழுத்தை முறுக்கிச் சொடக்கெடுப்பது இவர்களுக்குப் பேராபத்து. எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னரும் மயக்க மருந்து மருத்துவரிடம் இந்நோயைத் தெரிவித்துவிட வேண்டும். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த அவர் தலையைச் சாய்ப்பார்.