ரயில் வந்தால் தெரியாமலா போகும்?

அமெரிக்கக் கிராமப்புறத்தில் ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர மோட்டார் வண்டி சாதாரணமாகக் கண்ணில் படும். பருத்த டயர், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற கைப்பிடி, இரு பக்கமும் காலைப் போட்டு உட்காரும் இருக்கை. வேலியைச் சுற்றிப் பார்க்க, விறகு இழுக்க, மான் வேட்டைக்குப் போக என்று வாங்குவார்கள். விடுமுறை நாளில் அது வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு வண்டி. ஆனால் ஓட்ட இடம் வேண்டுமே! பக்கத்து வயல் அடுத்தவருடையது. தார்ச்சாலையில் பல இடங்களில் அனுமதி கிடையாது. அந்த டயரும் தார்ச்சாலைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஊருக்குப் பின்னால், மரங்களை ஒதுக்கிக்கொண்டு, ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல், பெரும்பாலும் வேலியும் இல்லாமல் நீண்டு கிடக்கிறது ரயில் பாதை. அதன் ஓரத்தில் பராமரிப்பு வண்டிகள் போக ஒரு மண் சாலை வேறு. விடுவார்களா?

ஆபத்தாயிற்றே என்று யாராவது சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "ரயில் வந்தால் தெரியாமலா போகும்? ஒதுங்கிக்கொண்டால் போயிற்று." பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் இதே பதில்தான். தண்டவாளத்தோரம் ஒற்றையடிப் பாதை போட்டு நடக்கும் நம் ஊர்க்காரருக்கும் இது புதிதல்ல. கேட்பதற்கு அனுபவசாலி பேசுவது போல இருக்கும். உண்மையில் இது சுத்த அறியாமை.

அமெரிக்காவில் ரயில் பாதைக்குள் அத்துமீறி நுழைந்து ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் சாகிறார்கள். ரயில் தொடர்பான சாவுகளில் மிகப் பெரிய பங்கு இதுதான். ரயில் கவிழ்ந்து சாகும் பயணிகளின் எண்ணிக்கை இதற்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் செய்தியாவது என்னவோ கவிழ்ந்த ரயில்தான். செத்தவர்களில் பெரும்பாலோர் நடந்து போனவர்கள். காதை அடைக்கும் எஞ்சின் இல்லை, தலைக்கவசம் இல்லை, இழுத்துக் காப்பாற்ற வண்டி இல்லை. ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்தால் தப்பிக்கக் கூடியவர்கள். அவர்களுக்கே தெரியவில்லை.

"வாழ்நாளெல்லாம் இந்தத் தண்டவாளத்தோரம்தான், எனக்குத் தெரியாதா?" என்பவர்களுக்காக ஒரு விதியைச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் வேலை செய்யும் ஊழியர்களைக் காப்பதற்கான கூட்டாட்சி விதிகள் அமெரிக்காவில் 1997 முதல் நடைமுறையில் உள்ளன. ஊழியர்கள் பாதையில் வேலை செய்யும்போது ரயில் வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துவது அவற்றில் ஒரு முறை. அவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. அவர் குரல் கொடுத்து, எல்லோரும் விலகி, பாதுகாப்பான இடத்தில் போய் நின்றபின் குறைந்தது 15 விநாடி மிச்சமிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரயில் அந்த இடத்துக்கு வரலாம். தனியாகப் போகும் ஊழியர், பாதையைப் பார்வையிடுவது, சின்னச் சின்னப் பழுது பார்ப்பது போன்ற வேலைகளுக்கு மட்டும் தன் கண்ணையும் காதையும் நம்பிக்கொள்ளலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்று: அவர் காதுக்கு எட்டும் தூரத்தில் மோட்டாரில் ஓடும் கருவியோ இயந்திரமோ இயங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, ரயிலை எதிர்பார்த்தே நிற்கிற ஆள் அவர். அருகில் ஒரு மோட்டார் ஓடினாலே அவர் காதை நம்பக் கூடாது என்று விதி சொல்கிறது. ஏ.டி.வி. ஓட்டுபவர் அந்த மோட்டாரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், தலைக்கவசமும் போட்டிருக்கிறார். போடத்தான் வேண்டும், அதில் குறையில்லை. ஆனால் ரயில் வந்தால் கேட்கும் என்று அவர் எதை வைத்துச் சொல்கிறார்?

மோட்டாரை அணைத்துவிட்டு நின்றால்கூடக் காதுக்குக் கிடைப்பது குறைவு. தடக் தடக் என்ற சத்தம் தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்குவதால் வந்தது. முக்கியப் பாதைகளில் இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள். இணைப்பும் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. எஞ்சினின் உறுமல் பக்கவாட்டிலும் பின்னாலும் பரவுகிற அளவுக்கு முன்னால் வருவதில்லை. வளைவு, மேடு, காடு, எதிர்க்காற்று, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அதுவும் போயிற்று. போதாக்குறைக்கு, சரக்குப் பெட்டிகளை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. அப்போது முதலில் வருவது சத்தமே இல்லாத வெறும் பெட்டி.

ஹாரன் அடிப்பார்களே என்பார்கள். 2005-இல் வந்த விதிப்படி, பொதுச் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் லெவல் கிராசிங்குகளுக்கு 15 முதல் 20 விநாடி முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். ஹாரனே வேண்டாம் என்று விலக்கு வாங்கிய ஊர்களும் உள்ளன. இரண்டு கிராசிங்குகளுக்கு நடுவே, காட்டுக்குள், ரயில் ஓட்டுநர் யாருக்காக அடிப்பார்? அங்கே யாரும் இருக்கக் கூடாது என்பதுதானே கணக்கு! ஓட்டுநர் உங்களைக் கண்டபிறகு அடிப்பார். அவர் கண்டுவிட்டார் என்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

சரி, கண்ணாவது உதவுமா? ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-இல் லெவல் கிராசிங் விபத்துகளைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: உருவத்தில் பெரிய பொருள் அதே வேகத்தில் வரும் சிறிய பொருளைவிட மெதுவாக வருவதாகவே கண்ணுக்குப் படும். நேர் எதிரில் வரும் ரயிலில் இன்னொரு சிக்கலும் சேருகிறது. அது இடவலமாக நகர்வதில்லை. தூரத்தில் ஒரு புள்ளியாக நிற்கிறது, நெருங்கிய பிறகுதான் திடீரென்று பெரிதாகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் சரக்கு ரயில் ஒரு விநாடியில் சுமார் 27 மீட்டர் கடக்கும். 400 மீட்டர் தள்ளியிருக்கும் வளைவில் அது தலைகாட்டினால் உங்களிடம் இருப்பது 15 விநாடி. பின்னாலிருந்து வந்தால் அதுவும் இல்லை.

ஓட்டுநர் பிரேக் போடுவார். போட்டபின் நிற்க ஒரு மைலும் அதற்கு மேலும் ஆகும். பத்தாயிரம் டன்னைத் தாண்டும் வண்டிகள் இவை. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புப் பாதைக்கும் இடையே பிடிப்பு குறைவு. அந்தக் குறைவான உராய்வுதான் ரயிலைச் சிக்கனமான வாகனமாக்குகிறது, அதுதான் அதைச் சட்டென்று நிற்க முடியாததாகவும் ஆக்குகிறது. ஸ்டியரிங்கும் கிடையாது.

பதிலின் இரண்டாம் பாதி, "ஒதுங்கிக்கொள்ளலாம்" என்பது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான பொய் என்பேன், ஏனென்றால் ஓர் அளவுகோலை எடுத்துப் பார்த்தாலே இது உடைந்துவிடும். அமெரிக்காவில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 4 அடி 8½ அங்குலம். பெரியவர்கள் ஓட்டும் ஏ.டி.வி.யின் அகலம் ஏறக்குறைய 4 அடி. கச்சிதமாக உள்ளே உட்காரும். முக்கியப் பாதைகளில் தண்டவாளத்தின் உயரம் 7 அங்குலம் அளவில் இருக்கும். வெளியே வர வேண்டுமென்றால் அந்த இரும்பின்மேல் ஏற வேண்டும். நேராக மோதி ஏற இடமில்லை, சாய்வாகத்தான் ஏற முடியும். சாய்வாக வரும் சக்கரம் தண்டவாளத்தை உரசிக்கொண்டே வழுக்கிப் போகும். முன்சக்கரம் ஏறிவிட்டாலும் வண்டியின் வயிறு இரும்பில் தட்டி உட்கார்ந்துவிடும். ஒருவழியாகத் தாண்டிவிட்டால் அடுத்து ஜல்லிச் சரிவு. கூரான கருங்கல் காலடியில் உருளும். முன்னூறு கிலோ அளவுக்கு எடையுள்ள வண்டி அதில் குடைசாய்ந்தால் ஓட்டியவர் மேல்தான் விழும். ரயிலே வராவிட்டாலும் அது ஆளைக் கொல்லும்.

நான் பாதைக்குள் போகவில்லை, ஓரத்தில்தான் ஓட்டுகிறேன் என்பாரும் உண்டு. ரயில் பெட்டி தண்டவாளத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பக்கமும் 3 அடி வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சரிந்த சரக்கோ தொங்கும் பட்டையோ இருந்தால் இன்னும் கூடுதல்.

சிக்னல் பார்த்துக்கொள்ளாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். தண்டவாளத்தில் ஓடும் மின்சுற்றை ரயிலின் இரும்புச் சக்கரமும் அச்சும் இணைப்பதால்தான் அங்கே ரயில் இருப்பது சிக்னலுக்குத் தெரிகிறது. ரப்பர் டயர் வண்டி நடுப்பாதையில் நின்றாலும் சிக்னல் பச்சையாகவே இருக்கும். 2008 சட்டத்தின்படி முக்கியப் பாதைகளில் கட்டாயமாக்கப்பட்டு 2020 இறுதியில் முடிக்கப்பட்ட தானியங்கி ரயில் கட்டுப்பாட்டு முறைக்கும் உங்கள் வண்டி தெரியாது. அது தடுப்பது ரயிலோடு ரயில் மோதுவதை, மிதமிஞ்சிய வேகத்தை; குறுக்கே வருபவரை அல்ல. ரயில் நிறுவனத்தின் சொந்தப் பராமரிப்பு வண்டிகூடக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இல்லாமல் தண்டவாளத்தில் ஏறுவதில்லை.

பாலம் வருகிறது இப்போது. ஓரத்து மண் சாலை ஓடை வந்ததும் நின்றுவிடும். எதிர்க்கரையில் மறுபடி தொடங்கும். நடுவில் இருப்பது ரயில் பாலம் மட்டுமே. வந்த வழியே திரும்ப யாருக்கு மனசு வரும்? பல பழைய பாலங்களில் தளம் கிடையாது. கட்டைகளுக்கு நடுவே கீழே ஆறு தெரியும். ஓரத்தில் ஒதுங்கி நிற்க நடைபாதையும் இருக்காது.

2014 பிப்ரவரி 20 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் அல்டமாஹா ஆற்றுப் பாலத்தில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அதில் ஏ.டி.வி. இல்லை, நம்பிக்கை மட்டும் அதேதான். பாடகர் கிரெக் ஆல்மனைப் பற்றிய 'மிட்நைட் ரைடர்' என்ற படத்துக்காக, சி.எஸ்.எக்ஸ். ரயில் நிறுவனம் அனுமதி மறுத்த பிறகும், படக்குழு பாலத்தின்மேல் ஏறி ஓர் இரும்புக் கட்டிலைத் தண்டவாளத்தில் போட்டது. ரயில் வந்தால் விலக 60 விநாடி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ரயில் வந்தது, 60 விநாடி கிடைக்கவில்லை. தப்பி ஓட வேண்டிய நேரத்தில் சிலர் கட்டிலை இழுத்தெடுக்கப் பார்த்தார்கள். ரயில் கட்டிலை மோதிச் சிதறடித்தது. ஒளிப்பதிவு உதவியாளரான 27 வயதுப் பெண் இறந்தார், பலர் காயமடைந்தனர். இயக்குநர் ராண்டல் மில்லர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

இரும்புக் கட்டிலுக்கே அந்தப் பாடு என்றால், ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய வண்டியை விட்டுவிட்டு ஓட எத்தனை பேருக்குத் தோன்றும்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வாதம் சட்டம் பேசும்: "அந்தப் பாதையில் ரயிலே வருவதில்லை, துருப்பிடித்துக் கிடக்கிறது, யாருமில்லாத நிலம்." துரு பிடிக்கச் சில நாள் போதும். வாரம் ஒரு சரக்கு வண்டி வரும் கிளைப் பாதை எப்போதும் துருவோடுதான் இருக்கும். சரக்கு ரயில்களுக்கு ஊரார் பார்க்கிற கால அட்டவணையும் கிடையாது. ஒரு பாதை கைவிடப்பட்டதா என்பதைத் தரைவழிப் போக்குவரத்து வாரியம்தான் தீர்மானிக்க வேண்டும். புல் முளைத்திருப்பது சான்றல்ல.

நில விஷயத்தில் மட்டும் இவர்கள் பக்கம் ஒரு துளி நியாயம் உண்டு, மறைப்பானேன். 1862-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்தவையும் கோடிக்கணக்கான ஏக்கர் பொது நிலத்தை ரயில் நிறுவனங்களுக்கு வாரிக் கொடுத்தன. அதுவும் யாருடைய நிலம்? பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கியது. அந்த வரலாற்றை வைத்து நிறுவனங்களைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது ஏ.டி.வி. ஓட்ட உரிமைச் சீட்டு ஆகாது. அமெரிக்கச் சரக்குப் பாதைகளில் பெரும்பகுதி தனியார் சொத்து. கைவிடப்பட்ட பாதையும் தானாக ஊர்ப் பொதுவாகிவிடாது. வயோமிங் மாநிலத்து வழக்கொன்றில், 1875 சட்டத்தின்கீழ் தரப்பட்ட வழியுரிமை, பாதை கைவிடப்பட்டதும் நிலத்துக்காரருக்கே போகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது.

"செத்தால் நான்தானே சாகிறேன்" என்ற வீரவசனத்துக்கும் பதில் உண்டு. தண்டவாளத்தின் இரு பக்கமும் உள்ள ஜல்லித் தோள் அலங்காரத்துக்குக் கொட்டியதல்ல. வெயிலில் நீளப் பார்க்கும் பற்றவைத்த தண்டவாளம் பக்கவாட்டில் நெளியாமல் அணைத்துப் பிடிப்பது அந்தத் தோள்தான். வண்டிகள் ஏறி ஏறி அதைச் சரித்தால், வடிகாலை மூடினால், பாதிக்கப்படுவது அடுத்து வரும் ரயில். எஞ்சினில் இருக்கும் இருவரையும் நினைத்துப் பாருங்கள். அவசர பிரேக்கைப் போட்டுவிட்டார்கள், ஹாரனை விடாமல் அழுத்துகிறார்கள், இனிச் செய்ய ஒன்றுமில்லை. முன்கண்ணாடி வழியாக ஒரு சிறுவன் வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அதற்குப் பிறகு எஞ்சினில் ஏற முடியாமல் வேலையை விட்ட ஓட்டுநர்கள் உண்டு. நீங்கள் யாரென்றே தெரியாத மனிதரைக் கொலைக்குச் சாட்சியாக்க உங்களுக்கு என்ன உரிமை?

ஓட்ட இடமில்லை என்ற குறை உண்மையானது. அதற்கு வழி கண்ட இடமும் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா 2000-ஆம் ஆண்டில் நிலத்துக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு ஹாட்ஃபீல்ட்–மெக்காய் தடங்களைத் திறந்தது. காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கி மலைக்காட்டில் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டலாம். மற்ற இடங்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர் நிர்வாகத்திடம் இதைக் கேட்கட்டும், ரயில் நிறுவனத்தின் எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கி எறிவதற்குப் பதிலாக.

பிள்ளைக்கு ஏ.டி.வி. வாங்கித் தரும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கு விடுமுறைக்குப் போய்ப் பேரனுக்கு வாடகை வண்டி எடுத்துத் தரும் தாத்தா பாட்டிக்கும் இதுவேதான். சாவியைக் கொடுக்கும் முன் தண்டவாளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பக்கம் வண்டி திரும்பக் கூடாது என்று சொல்லுங்கள். அப்படியும் என்றாவது வண்டி தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால், எஞ்சினை அணைக்கக்கூட நிற்காமல் இறங்கி ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். ஓடிய பிறகு, அருகிலுள்ள கிராசிங்கில் இருக்கும் நீலப் பலகையில் உள்ள அவசர எண்ணுக்குப் போன் செய்தால் போதும். வண்டி போனால் போகட்டும்.