யாருடைய வக்கீல்?

"பாங்கே பார்த்துவிட்டது, இனிமேல் நாம் பார்க்க என்ன இருக்கிறது?" என்று சொல்லிக்கொண்டு வீடு வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை. அவர்களில் பலர் என் நண்பர்கள். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். வீட்டை மட்டும் மூலப்பத்திரத்தின் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் வாங்கிவிடுவார்கள்.

ஒரு நண்பரின் கதையைச் சொல்கிறேன். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பழைய வீடு. அதைக் கட்டியவர் உயில் எழுதாமல் காலமானார். அவர் மனைவி அவருக்கு முன்பே போய்விட்டாள். இரண்டு மகன்களும் ஒரு மகளும் கையெழுத்துப் போட்டு வீட்டை என் நண்பருக்கு விற்றார்கள். தாசில்தார் ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழிலும் அந்த மூன்று பேர்தான். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ் பளிச்சென்றிருந்தது. பாங்கின் வக்கீல் 'உரிமை தெளிவாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார். கடன் வந்தது. நண்பர் பால் காய்ச்சிக் குடிபோனார்.

பதினாலாவது மாதம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. இறந்தவருக்கு இன்னொரு மகள் இருந்தாள். வேறு ஜாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். வீட்டார் அவளைத் தலைமுழுகினார்கள். வாரிசுப் பட்டியலிலும் தலைமுழுகினார்கள். ஆனால் சட்டம் தலைமுழுகவில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சுயார்ஜிதச் சொத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. நாலில் ஒரு பங்கு அவளுடையது. அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அவள் கேட்பது அவளுக்கு உள்ளது.

நண்பர் பாங்குக்கு ஓடினார். "உங்கள் வக்கீல்தானே சரி என்று சொன்னார்?" என்று கேட்டார்.

மானேஜர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "சார், அது பாங்குக்காக வாங்கின கருத்து. நீங்கள் தனியாக ஒருவரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்."

"அந்தக் கருத்தின் நகலையாவது கொடுங்கள்."

"அது எங்கள் ஆபீஸ் தஸ்தாவேஜு, சார்."

அந்த வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்தவர் என் நண்பர்! ரசீது அவர் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

மானேஜர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது மெய் என்பதுதான் என் ஆத்திரம். கடன் கொடுக்கும்போது யாரும் இந்த மெய்யைச் சொல்வதில்லை. 'எங்கள் லீகல் பார்த்து ஓகே சொல்லிவிட்டது' என்று மட்டும் சொல்வார்கள். அதைக் கேட்டு நாமும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம்.

"பாங்கு தன் பணத்துக்குப் பயந்தாவது ஒழுங்காகப் பார்க்காதா?" என்று கேட்கலாம். பார்க்கும், தன் பணத்துக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு பார்க்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்க் வைத்த வரம்பு. வீட்டின் மதிப்பு குறைந்தால் முதல் 20 சதவீத அடி வாங்கினவர் தலையில்தான் விழும். அதற்கு மேலும் பாங்குக்கு அவருடைய சம்பளம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. பத்திரத்தில் கோளாறு என்று சொல்லித் தவணையை நிறுத்த முடியாது. நிறுத்தினால், கடன் வாராக்கடன் ஆனதும், 2002-ஆம் வருஷத்துச் சட்டம் பாங்குக்கு வழி செய்துகொடுத்திருக்கிறது: 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலே, ஈட்டுச் சொத்தின் மேல் கை வைக்கலாம். பாங்கு கேட்கும் கேள்வி, 'கொடுத்த பணம் திரும்பி வருமா?' என்பது. வாங்குகிறவர் கேட்க வேண்டியது, 'இந்த வீட்டில் என் பேரப்பிள்ளை யாருக்கும் பயப்படாமல் தூங்குமா?' என்பது. ஒரே வக்கீல் இரண்டுக்கும் பதில் சொல்வார் என்று நம்புவது பேதைமை.

வில்லங்கச் சான்றிதழ் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. அது ரிஜிஸ்தர் ஆனதை மட்டும் காட்டும். உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டமில்லை. அதனால் பதியாத உயில் அதில் தெரியாது. பிறப்பால் வந்த பங்கும் தெரியாது. தலைமுழுகப்பட்ட மகள் தெரியவே மாட்டாள். ஆனால் அந்தத் தெருமுனையில் துணி தேய்க்கிறவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. "பெரிய பொண்ணு கையெழுத்துப் போட்டுச்சா சார்?" என்று அவர் நண்பரைக் கேட்டார், சம்மன் வந்த பிறகு!

புது ஃபிளாட்டானால் 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. நிலத்தின் உரிமையில் குறை இருந்து நஷ்டம் வந்தால் கட்டி விற்றவர் ஈடு செய்ய வேண்டும்; அதற்குக் காலக்கெடுவும் குறுக்கே நிற்காது. பழைய வீடு வாங்குகிறவருக்கு அந்தக் கவசம் இல்லை. விற்றவரைத் துரத்தலாம், அவர் பணத்தைச் செலவழித்திருப்பார்.

ரிசர்வ் பாங்க் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கடன் அடைந்த 30 நாளில் மூலப்பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், பாங்கின் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளைக்கும் 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் உத்தரவு போட்டது. கடனின் முக்கிய விவரங்களை, வக்கீல் கட்டணம் உட்பட, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் பாஷையில் தர வேண்டும் என்று 2024-இல் சொன்னது. நல்ல காரியங்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது தமிழில் கிடைக்க வேண்டும், வக்கீல் என்ன சொன்னார் என்பது கிடைக்க வேண்டியதில்லை!

என் கோரிக்கை சின்னது. நம் காசில் எழுதப்பட்ட கருத்தின் நகலை, கிரயம் எழுதுவதற்கு முன்னால், தமிழில் நம் கையில் கொடுக்கட்டும். 'இது பாங்கின் உபயோகத்துக்கு மட்டும். உங்களுக்குப் பாதுகாப்பு அல்ல' என்று அதன் தலையில் கொட்டை எழுத்தில் போடட்டும். அந்த ஒரு வரியைப் படித்தாலே நம்மில் பாதிப் பேர் விழித்துக்கொள்வார்கள்.

"இன்னொரு வக்கீலுக்கும் தண்டம் அழ வேண்டுமா?" என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், மூன்றரை லட்சம். அதை மறு பேச்சில்லாமல் கட்டுகிறோம். அதோடு பார்த்தால் நம் வக்கீலுக்குக் கொடுப்பது ஒரு தூசு. அவரிடம் போவதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு சாயங்காலம் நின்று நாலு பேரோடு பேசிவிட்டு வாருங்கள். அதற்குக் காசும் வேண்டாம்.

என் நண்பருக்கு வழக்கு நடக்கிறது. தவணையும் நடக்கிறது.