பின்வண்டிக்கும் பிரேக் வேண்டும்



எண்ணூர் விரைவுச் சாலையில், சென்னைத் துறைமுகத்தை நோக்கி வரிசையாக நிற்கும் கண்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்திருக்கிறீர்களா? இழுக்கும் லாரிக்கும் பின்வண்டிக்கும் இடையே சுருள் சுருளாகக் குழாய்கள் தொங்கும். அவற்றில் செல்வது அழுத்தப்பட்ட காற்று. பின்வண்டிச் சக்கரங்களின் பிரேக்கை இயக்குவது அதுதான்.

அதே பகுதியில், காசிமேட்டிலிருந்து ஒரு சிறு ஃபைபர் படகைச் சாலை வழியே கொண்டுசெல்ல டிரெய்லர் ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். "இந்தச் சின்ன வண்டிக்குத் தனி பிரேக் எதற்கு? இழுக்கிற வண்டியில்தான் இருக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்பதை நியூட்டனின் இரண்டாம் விதியே சொல்லிவிடும்.

இழுக்கும் வண்டியின் நிறை 1,500 கிலோகிராம், அதன் பிரேக் தரும் விசை 9,000 நியூட்டன் என்க. எதிர்முடுக்கம் 6 மீ/வி². மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் அவ்வண்டி சுமார் 8 மீட்டரில் நின்றுவிடும். இனி, பிரேக் இல்லாத 1,000 கிலோகிராம் படகு டிரெய்லரைப் பின்னால் பூட்டுங்கள். விசை அதேதான், நிறையோ 2,500 கிலோகிராம். எதிர்முடுக்கம் 3.6 ஆகக் குறைகிறது. நிற்க ஏறத்தாழ 14 மீட்டர் வேண்டும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், இந்த 6 மீட்டர் வேறுபாடு ஓர் உயிரின் விலை. அதுமட்டுமன்று, டிரெய்லர் 3,600 நியூட்டன் விசையுடன் முன்வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். வளைவில் இப்படித் தள்ளினால் இரண்டும் கத்திரிபோல் மடங்கிக்கொள்ளும்.

சரி, எந்த பிரேக்கைத் தேர்ந்தெடுப்பது? 'எது நன்றாகப் பிடிக்கும்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எது எப்படிக் கெடும்? கெட்டால் என்ன ஆகும்?' என்றும் கேட்க வேண்டும்.

ரயில்வே இந்தப் பாடத்தை முன்பே கற்றது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் அமைத்த காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். 1872இல் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் தானே பிடித்துக்கொள்ளும். கண்டெய்னர் டிரெய்லரிலும் இதே தத்துவம்தான்.

ஆனால், காற்று பிரேக்குக்கு கம்பிரசர் வேண்டும். சிறு வண்டிகளில் அது இராது. மின்காந்த பிரேக் நிலத்தில் நன்கு உழைக்கும். படகை இறக்க டிரெய்லரை உப்புநீரில் இறக்கும்போது அதன் கம்பிகளும் இணைப்புகளும் அரித்துப்போகும்.

எஞ்சியிருப்பது உந்து பிரேக். முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுகிறது அல்லவா? அந்தத் தள்ளலே கொக்கி அருகிலுள்ள பிஸ்டனை அழுத்தும். பாஸ்கல் விதிப்படி அவ்வழுத்தம் எண்ணெய் வழியே சக்கரங்களுக்குச் செல்லும். ஆபத்தாகத் தோன்றிய விசையே காவலாகிவிடுகிறது! கடலோரப் படகுக்கு இதுவே ஏற்றது என்பேன். டிரம்மை விட டிஸ்க் நல்லது. டிரம்முக்குள் உப்பும் மணலும் தங்கிவிடும், டிஸ்க்கை நல்ல தண்ணீரால் எளிதில் கழுவலாம்.

இதற்கும் குறைகள் உண்டு. பின்னோக்கித் தள்ளும்போதும் பிரேக் பிடிக்கும். எனவே அப்போது மட்டும் அதை விலக்கிவைக்கும் அமைப்பு வேண்டும். கொக்கி கழன்றால் தள்ளுவதற்கு முன்வண்டி இராது, பிரேக்கும் இராது. ஆகவே, கழன்ற கணமே பிரேக்கை இழுத்துவிடும் கம்பிவடம் ஒன்றை முன்வண்டியுடன் கட்டியாக வேண்டும். செலவைக் குறைக்க அதை விட்டுவிடக் கூடாது. வெஸ்டிங்ஹவுஸ் தந்த பாதுகாப்பை இந்த எளிய வடம் தருகிறது.

இன்னொன்று. பிரேக் பிடித்தால் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. சூடான சக்கரக் குடத்தை உடனே நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சும், பேரிங் துருப்பிடிக்கும். எனவே, சற்று ஆறவிட்டு இறக்குவதே முறை.

உங்கள் ஊரில் டிராக்டர் இழுக்கும் டிப்பரைப் பார்த்திருப்பீர்கள். அதன் சக்கரங்களில் பிரேக் இருக்கிறதா? கொக்கி கழன்றால் அதைத் தடுப்பது எது? வண்டிக்காரரிடம் கேட்டு வாருங்கள். விடையை வகுப்பில் விவாதியுங்கள்.