பட்டாடைக்குள் மறைந்திருக்கும் சட்டம்

"வெள்ளையரின் பழங்கதைகளைப் பார்ப்பதால் அகதிகளாகிய எமக்கு என்ன பயன்?" என நண்பரொருவர் வினவினார். இங்கிலாந்துப் பெண்களின் முற்கால வாழ்வைக் காட்டும் தொலைக்காட்சி நாடகங்களில் நாம் கொண்ட ஈடுபாட்டை அவர் நன்கறிவார். மாளிகைகளும் பட்டாடைகளும் நடனங்களும் எமக்கும் இன்பமூட்டுகின்றன என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அவற்றுக்கு அடியில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: இந்தப் பெண்ணுக்குச் சொந்தமானது எது?

ஜேன் ஒஸ்ரின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலை, 1995இல் பி.பி.சி. ஆறு பகுதிகளாக ஒளிபரப்பியது. ஐந்து புதல்வியர் இருந்தும் தந்தையின் காணி ஆண் உறவினன் ஒருவனுக்கே சேரும். மாப்பிள்ளை தேடிப் பதறும் தாயைக் கண்டு நாம் சிரிக்கிறோம். தந்தை கண்மூடினால் அப்பெண்களுக்கு அவ்வீடு இல்லை என்பதை எண்ணும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது.

ஆன் புரொன்ரே 1848இல் எழுதி, 1996இல் பி.பி.சி. நாடகமாக்கிய 'த ரெனன்ற் ஒஃப் வைல்ட்ஃபெல் ஹோல்' இன்னும் கூர்மையானது. குடிகாரக் கணவனிடமிருந்து மகனுடன் தப்பிய பெண், வேற்றுப் பெயரில் மறைந்து, ஓவியம் விற்றுப் பிழைக்கிறாள். அன்றைய சட்டத்தின்படி மனைவியின் உழைப்பில் வந்த பணமும் கணவனுக்கே உரியது. பிள்ளைகளும் அவ்வாறே. கணவனைப் பிரிந்த எழுத்தாளர் கரோலின் நோர்ட்டன், தம் மூன்று புதல்வரையும் இழந்து போராடினார். அதன் பயனாக, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் நீதிமன்றத்தை நாடும் உரிமை 1839இல் கிடைத்தது. மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்திருக்க 1870 வரையும், சொத்தைத் தன் பெயரில் முழுமையாக ஆள 1882 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

இவற்றைக் கண்டு வியக்குமுன் எமது முற்றத்தையும் நோக்குவோம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கலாகாது என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. போரில் கணவனைத் தொலைத்த பெண், தாய் தந்த நிலத்தை விற்பதற்கு நீதிமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டியவளானாள்.

நண்பருக்கு எமது விடை இதுவே. இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்திவிட்டு, பழைய அநீதியை நாடகமாகக் கண்டு களிக்கிறது. கையொப்பத்துக்காகக் காத்திருந்த எம் பெண்களின் துயரையும் எமது பேரப்பிள்ளைகள் என்றோ முடிந்துபோன கதையாகப் பார்க்கும் நாள் வரவேண்டும். அதற்கான வழியை அமைப்பது எமது தலைமுறையின் கடமை.