அடுப்பு வாங்கும்போதும் வியாபாரியாக இருங்கள்

மூட்டைக்கு ஒரு கிலோ தூசி கூடுதலாக வந்துவிட்டால் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளிடம் சண்டைக்கு வருகிறீர்கள். வர வேண்டியதுதான். துவரம்பருப்பில் குருணை எவ்வளவு, புளியில் கொட்டை எவ்வளவு என்று கையில் அள்ளிப் பார்க்காமல் நம்மில் யாரும் விலை பேசுவதில்லை. அதே வியாபாரி வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வாங்கப் போனால், மேலே கண்ணாடி பளபளக்கிறதா, எத்தனை ரூபாய் தள்ளுபடி என்பதோடு சரி. அது எத்தனை சிலிண்டர் சாப்பிடும் என்று கேட்பதே இல்லை.

எரிகிற கேஸின் சூடு முழுவதும் பாத்திரத்தில் ஏறிவிடாது. ஒரு பங்கு பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். நம் பாஷையில் சொன்னால் அது சேதாரம். வீட்டு அடுப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4246, குறைந்தது 68 சதவீதச் சூடாவது பாத்திரத்துக்குப் போக வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட அடுப்பில் வருஷத்துக்கு 10 சிலிண்டர் செலவாகும் வீட்டில், 55 சதவீதம் மட்டுமே தரும் மட்டமான அடுப்பை வைத்தால் அதே சமையலுக்கு 12 சிலிண்டருக்கு மேல் ஆகும். ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 12 சிலிண்டர் வீண். இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். வாங்கும்போது மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய் எங்கே போயிற்று என்று தெரியும். கடைச் சிப்பந்திகளுக்கும் வீட்டிலிருந்தே சாப்பாடு போகிற குடும்பங்களில் நஷ்டம் இன்னும் அதிகம்.

ஆகவே முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு கேஸ் அடுப்புக்கும் உண்டு, கேட்டு வாங்குங்கள். நட்சத்திரம் கூடினால் கேஸ் குறையும். கண்ணாடியா எவர்சில்வரா என்பது துடைக்கிறவர்களின் சௌகரியம், அதனால் கேஸ் மிச்சமாகாது. பர்னர் பித்தளையில் கனமாக இருக்கட்டும். மூன்று பர்னர், நான்கு பர்னர் என்று ஆசைப்படுவதைவிட, பெரியது ஒன்று சிறியது ஒன்று இருப்பது நல்லது. பால் காய்ச்சும் சிறு பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் தீ விளிம்பைத் தாண்டி மேலே போகும். அது அறையைத்தான் சூடாக்கும்.

இண்டக்ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் சேதாரம் குறைவு. ஆனால் அலுமினியமும் பித்தளையும் சாதாரண இண்டக்ஷனில் வேலைக்கு ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். நம் மாநிலத்தில் மின் கட்டணமும் யூனிட் ஏற ஏற ஏறுகிறது. வெந்நீருக்கும் பாலுக்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம். பெரிய குடும்பத்தின் முழுச் சமையலையும் அதில் ஏற்றுமுன் மின் அட்டையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இருக்கிற அடுப்பை உடனே கழித்துவிட வேண்டும் என்பதில்லை. சுடர் நீலமாக இருந்தால் சரியாக எரிகிறது. மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கலாம். கழற்றிக் கழுவிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பாத்திரக்கடை வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்திரையில்லாத அடுப்பில் லாபம் கூடுதல்தான். ஆனால் வாங்குகிறவர் உங்கள் தெருக்காரர், உங்கள் பக்கத்து மளிகைக் கடைக்காரர். மாதாமாதம் சிலிண்டருக்குப் பணம் எண்ணும்போது அவர் திட்டுவது கம்பெனிக்காரனை அல்ல. கொள்முதல் செய்யும்போதே முத்திரை பார்த்து, பில்லோடு சரக்கை எடுங்கள்.