தொழிற்சாலை வாயிலுடன் நின்றுவிடும் தொழிலிடப் பாதுகாப்பு

2018 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹொரணை, பெல்லப்பிட்டிய பகுதியிலுள்ள இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியா தாங்கியினுள் வீழ்ந்த தொழிலாளி ஒருவரைக் காப்பாற்றச் சென்றவர்களும் அதே தாங்கிக்கு இரையாகினர். ஐந்து உயிர்கள் பறிபோன அச்சம்பவம் சில தினங்கள் பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் வழமைபோல மறக்கப்பட்டது.

எனினும் மறக்கக் கூடாத பாடமொன்று அதில் உண்டு. மூடிய தாங்கி, ஆழ்கிணறு, மலக்குழி, கப்பலின் அடித்தளம் எனக் காற்றோட்டம் அற்ற எந்த இடத்திலும் நச்சுவாயு தேங்கலாம். ஒட்சிசன் குறைந்து போகலாம். உள்ளே இறங்குமுன் காற்று பரிசோதிக்கப்பட வேண்டும். இறங்குபவரின் உடலில் கயிறு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியே ஒருவர் விழிப்புடன் காத்து நிற்க வேண்டும். சுவாசக் கருவியின்றி எவரும் மீட்புக்கென உள்ளே குதிக்கலாகாது. இறப்பர் தொழிற்சாலைக்குரிய இவ்விதி யாழ்ப்பாணத்தில் கிணறு துப்புரவு செய்பவருக்கும், காத்தான்குடியில் மலக்குழி சுத்திகரிப்பவருக்கும், கொழும்புத் துறைமுகத்தில் கப்பலின் அடித்தளத்தில் இறங்குபவருக்கும் அவ்வாறே பொருந்தும். தொழில்கள் வெவ்வேறானவை, ஆபத்து ஒன்றே, அதைத் தடுக்கும் வழியும் ஒன்றே.

ஆனால் எமது நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு ஆபத்தைப் பின்தொடர்வதில்லை, கட்டடத்தையே பின்தொடர்கிறது. அதன் அத்திவாரம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமாகும். கட்டட நிர்மாணம், துறைமுகம் போன்ற சில இடங்களுக்கு அதன் பகுதிகள் நீட்டப்பட்டுள்ள போதிலும், பெயருக்கேற்ப அது தொழிற்சாலையை மையமாகக் கொண்டதே. தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் இயந்திரத்துக்குக் காப்பு வேலி வேண்டுமென அச்சட்டம் கூறுகிறது. அத்தொழிற்சாலைக்குக் கொழுந்து பறித்து அனுப்பும் பெண் மலைச்சரிவில் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வீழ்ந்தால், குளவிக்கூடு இருக்கும் மரத்தை முற்கூட்டியே அடையாளமிட வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. பனையிலிருந்து தவறி விழும் சீவல் தொழிலாளியும், அம்பாறை வயல்களில் முகக்கவசமின்றிக் கிருமிநாசினி தெளிக்கும் கூலியாளும் இதே நிலையிலேயே உள்ளனர். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ விபத்து நேர்ந்த பின்னரே வந்து சேருகிறது.

எமது சட்டங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்த பிரித்தானியாவே இந்த அணுகுமுறையை எப்போதோ கைவிட்டுவிட்டது. றொபன்ஸ் பிரபு தலைமையிலான குழு 1972 இல் சமர்ப்பித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1974 இல் அங்கு புதிய சட்டம் இயற்றப்பட்டது. தன்னிடம் பணிபுரிவோரின் பாதுகாப்பை நியாயமாக இயன்றவரை உறுதிசெய்வது ஒவ்வொரு தொழில்வழங்குநரதும் கடமை என்ற ஒரே கோட்பாட்டை அது ஏறத்தாழ எல்லாத் தொழில்களுக்கும் விதித்தது. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2022 ஜூன் மாதம், பாதுகாப்பானதும் சுகாதாரமானதுமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் 2009 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் உருவாக்கப்பட்டது. எனினும் ஆய்வும் பயிற்சியும் மாத்திரம் போதுமானவை அல்ல. கடமை யாருடையது என்பது ஒவ்வொரு துறையிலும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட வேண்டும்.

எமது சூழலுக்கு இவையெல்லாம் ஒத்துவராது என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. அதற்கான மறுமொழியை வெளிநாடுகளில் தேட வேண்டியதில்லை. வன்னி மண்ணில் கண்ணிவெடி அகற்றும் பணியைப் பார்த்தாலே போதும். அதனிலும் ஆபத்தான தொழிலைக் காண்பது அரிது. ஆயினும் அங்கு பணிக்களம் அடையாளக் கம்புகளால் வரையறுக்கப்படுகிறது. பணியாளர்களுக்கிடையே குறித்த இடைவெளி பேணப்படுகிறது. முகக்காப்பும் மார்புக் கவசமும் இன்றி எவரும் களத்தில் இறங்குவதில்லை. முதலுதவியாளரும் வாகனமும் ஆயத்த நிலையில் இருக்கின்றன. விபத்து நேரின் அதற்கான காரணம் விசாரித்து அறியப்படுகிறது. இத்தனையையும் கடைப்பிடித்துப் பணியாற்றுவோரில் போரினால் அனைத்தையும் இழந்த எமது கிராமங்களின் பெண்கள் பலரும் உள்ளனர். அதே மாவட்டத்தில், மூன்றாம் மாடிச் சாரத்தில் தலைக்கவசமோ இடுப்புக் கயிறோ இன்றி நிற்கும் மேசன் தொழிலாளியைப் பார்க்கும்போது, ஆபத்தைத் தீர்மானிப்பது தொழிலின் தன்மை மாத்திரமன்று, பொறுப்புணர்வின் அளவும்தான் என்பது தெளிவாகிறது.

சிறு முதலாளிகளும் ஒப்பந்தக்காரர்களும் செலவைக் காரணம் காட்டுவர். அது முற்றாகப் பொய்யன்று. ஆனால் பாதுகாப்பு என்றதும் தலைக்கவசத்தையும் காலணியையும் மாத்திரம் நினைப்பதே தவறு. முதலில் ஆபத்தை நீக்க வேண்டும். இயலாதெனில் அதனை மனிதரிடமிருந்து தடுத்து வைக்க வேண்டும். வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். கவசம் இறுதிக் காப்பு மாத்திரமே. குளவிக்கூட்டை முற்கூட்டியே தேடுவதற்கும், சாரத்தின் பலகையைக் காலையில் ஒருமுறை பரிசோதிப்பதற்கும், கடும் வெயில் நேரத்தில் வேலையை நிறுத்துவதற்கும் பெருஞ்செலவு ஏற்படப் போவதில்லை. எமது இளைஞர்கள் பலர் உழைக்கும் கட்டாரில், கோடை மாதங்களில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்குவது 2021 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அங்கே விதியாக உள்ளது இங்கே வழக்கமாகவேனும் ஆகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தைக் கண்டதும் வேலையிலிருந்து விலகும் உரிமை தொழிலாளிக்கு இருக்க வேண்டும். பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 ஆம் திகதி ரானா பிளாசா கட்டடம் சரிந்து 1,100 இற்கும் அதிகமானோர் மாண்டனர். முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் தென்பட்டிருந்தன. தொழிலாளர்களும் அதை அறிந்திருந்தனர். இருந்தும் மறுநாள் அவர்கள் உள்ளே செல்ல நேர்ந்தது. நாட்கூலியை இழக்க நேருமென்ற அச்சம் வெடிப்பைக் கண்ட அச்சத்தை வென்றுவிட்டது. மலையகத் தோட்டத்திலும் கொழும்பின் கட்டடத் தளத்திலும் நாட்சம்பளத்தை நம்பி வாழ்பவரின் நிலை இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

தொழில் திணைக்களத்தின் பரிசோதகர்கள் தொழிற்சாலை வாயிலுக்கு அப்பாலும் செல்ல வழிசெய்யும் சட்டம் வேண்டும். உப ஒப்பந்தம் என்ற பெயரில் பொறுப்பைக் கைமாற்றும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் சம்பளத்துக்குக் கொடுக்கும் குரலை உயிருக்காகவும் கொடுக்க வேண்டும். காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் உயிருடன் வீடு திரும்புவது அவரது அதிர்ஷ்டத்தில் தங்கியிருக்கும்வரை, இந்நாட்டில் தொழிலாளர் பாதுகாப்பு இருப்பதாகக் கூறிக்கொள்ள எவருக்கும் அருகதையில்லை.